பட்டன் டயரும் தார் ரோடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக் வைத்திருக்கிறேன். தினமும் ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். எப்போதாவதுதான் மண் ரோடு. ரப்பர் கட்டைகள் தனித்தனியாகத் துருத்தி நிற்கும் பட்டன் டயர் மாட்டலாமா? கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே?
- வாசகர், ஓசூர்

பதில்: மாட்டலாம், ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அது வீண் செலவு. மண்ணில் பட்டன்கள் உள்ளே இறங்கிக் கவ்வும். தாரில் இறங்க இடமில்லை. பட்டன்களின் தலை மட்டுமே ரோட்டைத் தொடும்.

மழை பற்றிக் கேட்டது பாதி உண்மை. தேங்கிய தண்ணீர் அந்த இடைவெளியில் ஓடிவிடும். ஆனால் நனைந்த தாரைப் பிடிப்பது ரப்பர்தான், அது இங்கே குறைவு. வெள்ளைக் கோடு, மேம்பால இணைப்பு இரும்பு மேல் பிரேக் அழுத்தினால் ஏபிஎஸ் சீக்கிரமே வேலை செய்ய ஆரம்பிக்கும். வண்டி நிற்கும் தூரம் கூடும். முன்னால் போகும் லாரிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள்.

அடுத்தது தேய்மானம். உயரமான பட்டன் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. அதில் சூடு ஏறும், சூட்டில் ரப்பர் கரையும். 100 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் பின் டயரின் நடுவரிசை சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மட்டமாகிவிடும். காற்று குறைந்தால் இன்னும் வேகமாகத் தேயும். மண்ணுக்காக 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால், தார் ஏறுமுன் கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்ப ஏற்றுங்கள். கையடக்கப் பம்ப் இல்லாமல் இறக்கவே வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது, நடுவில் கட்டைகள் நெருங்கி நிற்கும் பாதிக்குப் பாதி ரகம், அதாவது தாருக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி. மிடாஸ் இ-07 அப்படிப்பட்டது. டிகேசி 80 போன்ற முழுப் பட்டன் டயர் காட்டுப்பாதைக்காரர்களுக்கு. எதை வாங்கினாலும் பக்கவாட்டு எழுத்தைப் படியுங்கள்: 69Q என்றால் 325 கிலோ பாரம், 160 கி.மீ. வேகம் வரை. நெடுஞ்சாலைக்கு அல்ல என்று அச்சிட்ட மோட்டோகிராஸ் டயரை விலை குறைவு என்பதற்காக மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: புது பட்டன் டயர் மாட்டியதிலிருந்து 60-70 வேகத்தில் ஹேண்டில் ஆடுகிறது. கடைக்காரர் ‘ஓட ஓட சரியாகிடும்’ என்கிறார்.
- வாசகர், கோவை

பதில்: ஆகாது. முதலில் ரிம் ஓரத்தைப் பாருங்கள். டயரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிவரும். ரிம்முக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்திருந்தால் பீடு (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) சரியாக உட்காரவில்லை: காற்றை முழுக்க இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, ‘டப்’ என்று உட்காரும்வரை ஏற்றச் சொல்லுங்கள், டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பிறகு சுழலும் திசைக்கான அம்புக்குறி சரியா என்று பாருங்கள், அதன்பின் வீல் பேலன்ஸ். பட்டன் டயர் கனமானது, பேலன்ஸுக்காக ரிம்மில் வைத்த பழைய எடை போதாது. இவ்வளவும் சரியாக இருந்தும் ஆடினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தளர்ந்திருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கை முன்னும் பின்னும் அசைத்தால் தெரிந்துவிடும். ‘ஊ...’ என்ற சத்தம் மட்டும் கோளாறு அல்ல, இந்த டயரின் குணம்.

கேள்வி: பின்னால் மட்டும் பட்டன் போட்டால் போதுமா?
- வாசகர், தேனி

பதில்: தாரில் சமாளிக்கலாம், முன் பிரேக்கின் பிடி குறையாது. ஆனால் சேற்றில் முதலில் வழுக்குவது முன் சக்கரம்தான், அங்கே பின் பட்டன் உதவாது. பின் டயரின் அகலத்தை 140 மி.மீ.யிலிருந்து 150-க்கு ஏற்றும் எண்ணம் இருந்தால், செயினுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) டயரிலிருந்து உள்ள இடைவெளியை முதலில் அளந்துவிடுங்கள்.