பதற்றமும் பயணமும்: மனநல ஆலோசகரிடம் கேளுங்கள்

கேள்வி (திருச்சி): வெளிநாடு போய்வந்தால் தினசரிப் பதற்றம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பயணம் மருந்தல்ல. ஆனால் நழுவ வழியில்லாத நிலை அங்கே தானாக வாய்க்கும். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொன்ன நானே வங்கிக்கு மகனை அனுப்பியவள். புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போனைக் கணவரிடம் நீட்டியவள். ஒருமுறை டோக்கியோவுக்குத் தனியாகப் போனேன். அங்கே ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்து, மழையில், நாக்கு வறண்டு நின்றேன். மொழி தெரியாது, அனுப்ப மகனும் இல்லை. பக்கத்தில் 'கோபான்' எனப்படும் சிறு காவல் சாவடி. உள்ளே போய் விடுதியின் முகவரிச் சீட்டை நீட்டினேன். கை நடுங்கியது. காவலர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பென்சிலால் ஒரு கோடு இழுத்து, இரண்டாவது சிக்னலில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார்.

அந்த வட்டத்தை அடைவதற்குள் படபடப்பு இறங்கியிருந்தது. நான் இறக்கவில்லை, அதுவாக இறங்கியது. பாதியில் ஓடிவிடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. திரும்பிவந்த வாரமே வங்கிக்கு நானே போனேன். செலானைத் தப்பாக நிரப்பினேன், இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

கேள்வி (ஈரோடு): விமானம் ஏறுமுன் தூக்க மாத்திரை போடலாமா?

உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று எழுதித் தந்தால் மட்டும். அத்தையின் டப்பாவில் இருப்பது அத்தைக்கு.

கேள்வி (நெல்லை): ஜப்பானில் சைவம் கிடைக்குமா?

சூப்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். மற்றதைப் பயண முகவரிடம் கேளுங்கள்.

கேள்வி (கோவை): கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறேன்.

ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு சிக்னலையும் வெள்ளைக் கையுறை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். கண், கை, வாய் மூன்றும் ஒரே வேலையில் இருந்தால் கவனம் சிதறாது. நீங்களும் குமிழைச் சுட்டி "மூடியாயிற்று" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி (சேலம்): இது சடங்கைச் சொல்லிக்கொடுப்பது அல்லவா? திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கம் என் தம்பிக்கு இப்படித்தான் முற்றியது.

நியாயமான அடி. 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். நினைவு பிசகவில்லை, அதன்மேல் இருந்த நம்பிக்கைதான் குறைந்தது. அதனால்தான் ஒருமுறை என்றேன்.

மீண்டும் சேலம்: ஒருமுறை பத்தாகாது என்று என்ன உறுதி?

உறுதி கிடையாது. ஆனால் கடந்துவந்த சிக்னலை மறுபடி பார்க்க எந்த ஓட்டுநரும் ரயிலைப் பின்னால் ஓட்டுவதில்லை. திரும்பிப் போகாமல் இருக்கவே முடியவில்லை என்பவர்களுக்கு என் யோசனை பொருந்தாது. அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தம்பியை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சரிபார்க்காமல் தவிப்பைப் பொறுத்துக்கொள்ளப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி (கரூர்): பாதி மாத்திரை?

அத்தையின் மாத்திரையில் பாதியும் அத்தைக்கே. நம் கடைகளில் கிடைக்கும் சில சளி மாத்திரைகளுக்கே ஜப்பானில் தடை உண்டு. மருந்துச் சீட்டில்லாமல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.

கேள்வி (மதுரை): பாஸ்போர்ட்டே இல்லாதவர்கள் என்ன செய்வது?

இதுவரை ஏறாத டவுன் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். டீக்கடையில் வழி கேட்டுத் திரும்புங்கள்.

மாத்திரை பற்றி இன்னும் நான்கு கேள்விகள் வந்திருக்கின்றன. மேலே பாருங்கள்.