சிலையைக் கழுவப் போவது யார்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். எங்கள் ஊரில் பொது இடத்தில் ஒரு சிலையோ சுவரோவியமோ நினைவுத்தூணோ வருவதென்றால் யாரோ ஒருவர் பணம் கொடுக்கிறார், யாரோ ஒருவர் இடம் காட்டுகிறார். திறப்பு விழா நோட்டீஸ் வந்த பிறகுதான் ஊராருக்கு விஷயம் தெரிகிறது. இதை மாற்ற, பொதுக் கலைக்கென ஓர் ஆலோசனைக் குழுவைச் சபை நியமிக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வேண்டுகோளை வரைந்திருக்கிறோம். பிலடெல்பியாவில் 1959இலேயே கட்டடச் செலவில் ஒரு வீதத்தைக் கலைக்கு ஒதுக்க விதி செய்திருக்கிறார்கள். இங்கேயும் அதைக் கேட்கலாம் என்று நினைக்கிறோம்.

குழுவில் ஏழு பேர் இருப்பதா, ஒன்பது பேரா? யார் யாரைச் சேர்க்கலாம்? கலைஞர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டுமா? தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகத்தவருக்கும் சமமாக இடம் வைக்கலாமா? இப்படி ஒரு குழு அப்போதே இருந்திருந்தால் 2005இல் நடந்தது நடந்திருக்காது அல்லவா? நீங்கள் தலைவராக இருக்கச் சம்மதிப்பீர்களா? வரைவை இணைத்திருக்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)
உப்புவெளி

அன்புள்ள டீச்சர்,

வழக்கமாக இப்படியான கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு இங்கே பதில் எழுதக் காரணம், கொஞ்ச நாளாகவே இதே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி வீட்டில் உள்ளவர்களின் காதைத் தின்றுகொண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும். நீங்கள் அகப்பட்டுவிட்டீர்கள்.

தலைவர் பதவிக்கு நான் வரமாட்டேன். ஏழா ஒன்பதா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஒற்றைப்படையாக இருந்தால் வாக்கெடுப்பு இழுபடாது, அவ்வளவுதான். மூன்று சமூகத்தவரும் இல்லாமல் நம் ஊரில் எந்தக் குழுவும் கூடக் கூடாது, கூடினாலும் நிலைக்காது. எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். குழுவுக்கு இலச்சினைப் போட்டி வைக்கப் போவதாக வரைவில் ஓர் அரைப்பக்கம் இருக்கிறதே, ஐயோ, அதைக் கிழித்துப் போடுங்கள்.

2005 பற்றிய கேள்வியை நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே இரவில் புத்தர் சிலை எழுந்தபோது, வைத்தவர்கள் அழகியல் ஆலோசனை கேட்கும் நிலையிலா இருந்தார்கள்? ஊர் கடையடைத்தது, சிலைக்குக் காவல் போட்டார்கள். ஆலோசனைக் குழு கேட்கிறவர்களுக்குத்தான் ஆலோசனை சொல்லும். இரவில் வருகிறவர் யாரிடமும் கேட்டுவிட்டு வருவதில்லை. புத்தரோ பிள்ளையாரோ சிலுவையோ, நிலத்துக்கு எல்லைக்கல்லாக வைக்கப்படுவதைத் தடுப்பது சட்டத்தின் வேலை, சட்டத்தை நடத்துகிறவர்களின் வேலை. அவர்கள் செய்யாமல் விட்ட வேலையை ஒரு சித்திர டீச்சரும் நாலு ஓய்வுபெற்ற அதிபர்களும் குந்தியிருக்கிற குழுவின் தலையில் ஏற்றினால் குழு முதல் கூட்டத்திலேயே முறியும். இந்த ஆசையை மனதில் வையுங்கள், வரைவில் வையாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் வரைவு பத்துப் பக்கம். தெரிவு செய்யும் முறை, போட்டி, நடுவர்கள், திறப்பு விழா ஒழுங்கு எல்லாம் விரிவாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கடைசிக்கு முந்தைய வரி: ‘அமைக்கப்படும் படைப்புகளின் பராமரிப்பை உரிய அதிகாரிகள் உறுதி செய்வர்.’

அந்த உரிய அதிகாரி யார், பிள்ளை? அவருக்குப் பெயர் உண்டா? கதிரை உண்டா? தண்ணீர் வாளி உண்டா?

கோபத்தில் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். ஏனென்றால் நாம் வாழ்வது திருகோணமலையில். ஒரு பக்கம் டச்சுக் குடா, ஒரு பக்கம் பின்குடா, முதுகுப் பக்கம் உட்துறைமுகம். வாடை தொடங்கினால் மார்கழி, தை முழுக்க மழையோடு உப்பும் சேர்ந்து சுவரில் அடிக்கும். இந்தக் காற்றில் நாம் வைக்கும் சிலை எதனால் ஆனது? பெரும்பாலும் சீமெந்து, உள்ளே இரும்புக் கம்பி. சீமெந்தின் காரம் கம்பியைக் காக்கும், உண்மைதான். ஆனால் உப்பு உள்ளே இறங்கிவிட்டால் அந்தக் காவல் போய்விடும். கம்பி கறள் பிடிக்கும். கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஆலம்வேர் பழஞ்சுவரைப் பிளப்பதுபோல உள்ளிருந்தே பிளக்கும். முதலில் விரல் நுனி போகும், பிறகு மூக்கு, பிறகு முழங்கை. அப்போது யாராவது ஒரு நல்ல மனிதர் வந்து மேலே பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளித்துப் பாளம்பாளமாக உரியும். கலை மோசமானதால் கெட்டுப்போன சிலைகள் நம் ஊரில் குறைவு. மணல் மோசமானதால் கெட்டவைதான் அதிகம்.

என் சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருந்தார். கோயில் கோபுரங்களில் சுதை வேலை செய்கிறவர். நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். மணல் வண்டி வந்து இறங்கினால் அவர் முதலில் செய்வது என்ன தெரியுமா? ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். உப்புக் கரித்தால் துப்பிவிட்டு, ‘கழுவு’ என்று ஒரே சொல். நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றிக் கழுவ வேண்டும். மறுபடி நாக்கில் வைப்பார். மறுபடி ‘கழுவு’. வேலைக்கு வந்த பெடியன்கள் அவரை வைதுகொண்டே கழுவுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் வாளி தூக்கியிருக்கிறேன்.

அதைவிட முக்கியமானது ஒன்று. வேலை முடிந்து, காசு வாங்கி, எல்லாரும் மறந்துபோன பிறகும் அவர் வருவார். மழைக்காலம் முடிந்து பங்குனியில் ஒரு நாள், தும்பும் வாளியுமாக ஏணி போட்டு ஏறி, தான் செய்த உருவங்களை உச்சியிலிருந்து கழுவிக்கொண்டு வருவார். கழுவியபின் சாந்தகப்பையின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே காதை வைத்துக் கேட்பார். இறுக்கமான இடத்தில் ‘டிங்’ என்று வரும். உள்ளே கழன்ற இடத்தில் பொள்ளலாக ஒரு சத்தம். அந்த இடத்தில் கரிக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். இதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. கோயிலில் சாப்பாடு கொடுத்திருப்பார்கள். அவரால் ஏணி ஏற முடியாமல் போன பிறகு தட்டிக் கேட்க ஆள் வரவில்லை. அடுத்த சில வாடைக்குள் அவருடைய துவாரபாலகர் ஒருவரின் கை, கதாயுதத்தோடு சேர்ந்து கீழே விழுந்து கிடந்தது.

ஆலோசனைக் குழு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மனிதர்தான். உங்கள் பத்துப் பக்கத்தில் அவருக்கு இடமில்லை. கலைஞர், கலை விமர்சகர், கட்டடக் கலைஞர், சுற்றுலாத் துறைப் பிரதிநிதி, வணிகர் சங்கப் பிரதிநிதி எல்லாரும் இருக்கிறார்கள். மணலை ருசி பார்க்கத் தெரிந்தவர் இல்லை.

நம் ஊரிலேயே எதிர்ச்சாட்சியும் உண்டு. 1620களில் போர்த்துக்கேயர் சுவாமிமலையில் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். அப்போது காப்பாற்றுவதற்காக மண்ணில் புதைத்தவை என்று நம்பப்படும் செப்புத் திருமேனிகள் 1950இல் ஊருக்குள் கிணறு தோண்டும்போது கிடைத்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார். இன்றைக்கும் கோணேசர் கோயிலில் அவற்றுக்குப் பூசை நடக்கிறது. அவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்தவை முகத்தோடும் விரலோடும் எழுந்து வந்தன. நாம் வெயிலில் நிறுத்தி மாலை போட்டுக் கும்பிட்டவை இருபது வருடம் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் வெண்கலத்தில் வார்த்தெடுங்கள் என்று சொல்லவில்லை, காசு யார் தருவது? எந்தப் பொருளில் செய்கிறோமோ, அந்தப் பொருளுக்குரிய கவனிப்பை முதல் நாளே எழுதிவையுங்கள் என்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் ஒரு நினைவுச்சின்னம் கட்டினார்கள். எந்த ஊர், யார் கட்டியது என்று எழுதப் போவதில்லை. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டு மேடையில் இருத்தினார்கள். சில வருடம் கழித்துப் போனபோது அடித்தளம் வெடித்துக் கம்பி வெளியே தெரிந்தது. விழுந்துகிடந்த பெயர்க்கல்லை யாரோ மதிலோரம் சாத்தி வைத்திருந்தார்கள், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்க. கேட்கப் போனேன். சபையில் கேட்டால் அது தங்களுக்குக் கையளிக்கப்படவில்லை என்றார்கள். பிரதேச செயலகத்தில் காணி மட்டும்தான் தங்கள் பொறுப்பு என்றார்கள். கட்டிய நிறுவனம் திட்டம் முடிந்து நாட்டைவிட்டே போய்விட்டது. இறந்தவர்களின் பெயர் அதில் இருந்தது, டீச்சர். தாய்மார் வந்து தொட்டு அழுத பெயர்கள். அதற்குச் சொந்தக்காரர் இல்லை.

சுவரோவியத்துக்கும் இதே கதைதான். 2019 கடைசியில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோடு தெருவில் இறங்கினார்களே, நினைவிருக்கிறதா? எந்தச் சுவரில் யாருடைய வீரம் வரையப்பட்டது என்பது தனிச் சண்டை. அதை விடுங்கள். சாதாரணச் சுவர்ப் பெயின்டில், கீழிருந்து ஈரம் ஏறும் மதிலில், உப்புப் பூத்த சாந்தின் மேல் நேரே வரைந்தால் அது எத்தனை மழை தாங்கும்? சுவரோவியத்துக்கு ஆயுள் குறைவு என்பதில் குற்றமில்லை. ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம் என்று எழுதி, முடிந்ததும் மரியாதையாக வெள்ளையடித்து அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அரைகுறையாக உரிந்த முகத்தோடு ஒரு மன்னரைத் தெருவில் நிறுத்திவைப்பது அவருக்கும் அழகில்லை, ஊருக்கும் அழகில்லை.

பிலடெல்பியாவைப் படித்த நீங்கள் நியூயோர்க்கையும் படித்திருக்கலாம். அந்த நகரின் 1898 சாசனத்தோடு பிறந்த கலை ஆணைக்குழு இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது. நகரின் நிலத்தில் நிரந்தரமாக எதை வைப்பதற்கும் அதன் ஒப்புதல் வேண்டும். நகருக்கு ஏற்கெனவே சொந்தமான சிலைகளையும் ஓவியங்களையும் பேணும் பொறுப்பும் அதனுடையதே. அதே நியூயோர்க்கில் 1981இல், மத்திய அரசுக்குச் சொந்தமான ஒரு முற்றத்தில், ரிச்சர்ட் செரா 120 அடி நீளத்தில் ஓர் உருக்குச் சுவரை நிறுத்தினார். அங்கே வேலை செய்தவர்கள் முற்றமே போய்விட்டது என்று முறையிட்டார்கள். விசாரணை, வழக்கு என்று இழுபட்டு 1989இல் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வைக்கும்போதே அகற்றும் வழியையும் பேசியிருந்தால் அத்தனை வருடச் சண்டை தேவைப்பட்டிருக்குமா? உங்கள் வரைவில் ‘அகற்றுதல்’ என்ற தலைப்பே இல்லை. சேருங்கள். ஒரு வீதம் கேட்பதும் நல்லதுதான், கேளுங்கள். கிடைத்தால் அதில் ஒரு பங்கைக் கழுவுவதற்கென்று கட்டிவையுங்கள்.

நான் சொல்வது இவ்வளவுதான்: முதல் வருடம் குழு எதையும் புதிதாக நிறுவக் கூடாது. அந்த வருடம் முழுக்க ஒரே வேலை, ஒரு பதிவேடு. ஊரில் இப்போது நிற்கிற ஒவ்வொன்றும் அதில் ஏற வேண்டும். யார் செய்தது, எதனால் செய்தது, காணி யாருடையது, சிலை யாருடையது, கடைசியாக எப்போது கழுவியது, எங்கே பொள்ளல் சத்தம் கேட்கிறது. சொந்தக்காரர் இல்லாதவற்றைச் சபை தீர்மானம் போட்டுத் தன் சொத்துப் பட்டியலில் ஏற்க வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளுக்குப் பாதீட்டில் ஒரு சதம்கூட ஒதுக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

கோட்டை வாசலை மறக்காதீர்கள். இடித்த கோயிலின் கல்லில் இருக்கும் இணைக் கயலை, அந்த இரட்டை மீன் சின்னத்தை, தினமும் எத்தனையோ பேர் நிமிர்ந்து பார்க்காமல் கடந்து போகிறார்கள். அது தொல்பொருள் திணைக்களத்தின் பாடு, நீங்கள் தொடவே கூடாது. ஆனாலும் பதிவேட்டில் எழுதலாம்.

பதிவேட்டில் இன்னொரு நிரலும் வேண்டும்: இந்த இடத்துக்கு ஆட்கள் எதற்காக வருகிறார்கள்? கடற்கரைக் காந்தி சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஜனவரி 2 மாலை அதற்குப் பக்கத்தில்தான் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஜனவரியில் அங்கே விளக்குக் கொளுத்த வருகிறவர்கள் காந்திக்காக வருவதில்லை. இதை எந்தக் குழுவும் தீர்மானித்ததில்லை. நாளைக்கு ஒரு நிபுணர் வந்து, சுற்றுவட்டத்தை அழகுபடுத்துகிறோம், சிலையை அந்தப் பக்கம் நகர்த்துகிறோம் என்று படம் கீறிக் காட்டினால், ‘வேண்டாம், இந்த இடத்தைத் தொடாதீர்கள்’ என்று சொல்ல ஒரு தாள் இருக்க வேண்டும். உங்கள் குழுவுக்கு உண்மையில் அதிகாரம் வருவது அந்த மாதிரித் தாள்களால்தான்.

யார் யாரைச் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள், அதை மறந்தே போனேன். ஒரு மேசன், சுதை வேலை தெரிந்தவராக. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர். மிச்சப் பேரை நீங்களே பாருங்கள், உங்கள் ஊர்தானே. கலைஞர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் கூட்டத்தில் அதிகம் கதைப்போம். இந்தக் கடிதமே சாட்சி.

உங்களிடம் சித்திரம் படிக்கிற பிள்ளைகளையே பதிவேட்டு வேலைக்கு இறக்குங்கள். மடத்தடிப் பக்கமிருந்து தொடங்கிக் கடற்கரைக்குப் போகலாம். வெயில் ஏற முதல் காலையிலே போங்கள். கீறத் தெரிந்த பிள்ளைகளுக்கு வெடிப்பை அப்படியே கீறச் சொல்லுங்கள், ஃபோனில் எடுக்கிற படத்தைவிட அது உதவும். தட்டிப் பார்க்கும்போது மட்டும் பிள்ளைகளை ஏணியில் ஏற்றாதீர்கள், அதற்கு மேசனைக் கூப்பிடுங்கள், அவருக்கு அன்றைய நாட்கூலியைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.