இருமுகிறான் என்று உட்கார வைக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய்) இருப்பது கைக்குழந்தையாக இருந்தபோதே தெரிந்துவிட்டது. கொஞ்சம் ஓடினாலும் இருமல் பொங்கிக்கொண்டு வருகிறது. பள்ளியில் விளையாட்டு நேரத்தில் அவனை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்டோ தினமும் ஓட விடச் சொல்கிறார். ஏற்கெனவே மெலிந்த உடம்பு. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஓட விடுங்கள். அவன் இருமுவதைப் பார்த்து நீங்கள் பதறுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இருமலைத்தான் நாங்கள் வரவேற்கிறோம். இந்த நோயில் மூச்சுக்குழாய்களின் உட்பரப்பில் நீர் குறைந்து, சளி பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. ஓடும்போது மூச்சு ஆழமாகிறது, மார்பு குலுங்குகிறது, ஒட்டியிருந்த சளி இளகி மேலே வருகிறது. நின்று, இருமி, துப்பிவிட்டு அவன் மறுபடி ஓடட்டும். துப்புவதற்குக் காகிதக் கைக்குட்டையும், அதைப் போட ஒரு பையும் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகள் பலர் கூச்சத்தால் சளியை விழுங்கிவிடுகிறார்கள்.

1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 109 நோயாளிகளை 8 ஆண்டுகள் கவனித்தது. உடற்பயிற்சியின்போது ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் யாருக்கு அதிகமாக இருந்ததோ அவர்களே கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். நோய் கடுமையாக இல்லாதவர்கள்தானே நன்றாக ஓடியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் எனக்கு 2000-இல் வெளியான கனடா ஆய்வுதான் முக்கியம். அதில் பிள்ளைகளையும் பதின்வயதினரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வாரம் 3 முறை, 20 நிமிடம் வீட்டிலேயே பயிற்சி செய்ய வைத்தார்கள். 3 ஆண்டுகளில், பயிற்சி செய்தவர்களின் நுரையீரல் கொள்ளளவு மெதுவாகவே குறைந்தது.

அவனுக்குப் பிடித்த விளையாட்டு எதுவானாலும் சரி: ஓட்டம், நீச்சல், சைக்கிள், பந்து. பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். மெலிந்த உடம்பு என்று அஞ்சுகிறீர்களே, சதை பிடிக்க அதுதான் வழி. குதிப்பதும் ஓடுவதும் எலும்பையும் உறுதியாக்கும். செலவழியும் கலோரியை ஈடுகட்ட, அவன் உணவு நிபுணரிடம் சொல்லி உணவையும் அதற்கேற்ற, செரிமானத்துக்கு உதவும் என்சைம் மாத்திரையையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: விளையாடினான் என்பதற்காக நெபுலைசரையோ சளி வெளியேற்றும் பிசியோதெரபியையோ விட்டுவிடக் கூடாது.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது வெயிலுக்கு. அவனை முத்தமிடும்போது உப்புக் கரித்திருக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. விளையாடிவிட்டு வரும் இந்தப் பிள்ளைகளின் நெற்றியில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். விரலால் தடவினால் மணலாக நெருடும். மற்றவர்களின் வியர்வையில் உப்பு குறைவு. ஆகவே வியர்த்ததும் அவர்களது இரத்தம் சற்று உப்பாகி, தாகம் எடுக்கும். உங்கள் மகனுக்கு நீரோடு உப்பும் போய்விடுவதால் அந்தத் தாகம் சரியாக எழாது. உடம்பு வறண்டுகொண்டிருக்கும்போதே 'எனக்குத் தண்ணீர் வேண்டாம்' என்பான். நம்பாதீர்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, கேட்காமலேயே குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. உப்புச் சேர்ந்த பானமாக இருக்க வேண்டும். எவ்வளவு உப்பு என்பதை அவன் எடையைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வார். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, அசாதாரணச் சோர்வு வந்தால் நிழலில் உட்கார வைத்து அந்தப் பானத்தைக் கொடுங்கள். வாந்தியோ குழப்பமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

காய்ச்சல் இருந்தாலோ, சளி வழக்கத்தைவிட அதிகரித்து நிறம் மாறினாலோ மருத்துவரைக் கேட்காமல் விளையாட விட வேண்டாம். சளியில் இரத்தம், திடீர் நெஞ்சுவலி, உதடு நீலமாவது ஆகியவை அவசரநிலை. நோயால் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தால் மோதி விளையாடும் ஆட்டங்கள் கூடாது. சர்க்கரை நோயும் சேர்ந்து இன்சுலின் போடுகிறவர்கள் பயிற்சிக்கு முன்பு சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். இதே நோயுள்ள இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து பயிற்சி செய்ய அனுப்பாதீர்கள். ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமி மற்றவருக்குத் தொற்றலாம்.

தொடங்கும் முன் ஒரு முறை உடற்பயிற்சிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். சைக்கிள் மிதிக்கவோ நடக்கவோ வைத்து, ஆக்ஸிஜன் அளவு எங்கே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த முடிவோடு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். அதில் ஐந்து வரி இருந்தால் போதும்: இந்த இருமல் இந்த நோய் இல்லாத பிள்ளைகளுக்குத் தொற்றாது, இருமினால் நிறுத்த வேண்டாம், துப்ப இடம் கொடுங்கள், அவனுடைய பாட்டில் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தானாக நிற்க விரும்பினால் வற்புறுத்த வேண்டாம்.