தலைப்புக்காக ஓட்டிய பேய்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். விடுதி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ‘தி எக்சார்சிஸ்ட் 3’ பார்த்தோம். முக்கால்வாசிப் படம் வரை ஒருவரும் அசையவில்லை. கடைசியில் வேறு யாரோ எடுத்த படம் குறுக்கே வந்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. கதையோடு சம்பந்தமே இல்லாத ஒரு பாதிரியார் வந்து பேயோட்டுகிறார், தரை பிளக்கிறது, மின்னல் வெட்டுகிறது. ஏன் இப்படி?

இன்னொன்று, அந்த ஆஸ்பத்திரி வராந்தா காட்சி. அதே பாணியில் எங்கள் விடுதி வராந்தாவில் குறும்படத்துக்காக ஒரு காட்சி எடுத்தோம். வெள்ளைத் துணி, பெரிய கத்தரி எல்லாம் வைத்தும் பார்த்தவர்கள் சிரித்தார்கள். எங்கே பிழை?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

கடைசிப் பகுதி வேறு படம்போல இருந்தது என்ற உங்கள் உணர்வு சரியானது. அது பிறகு எடுத்து ஒட்டிய பகுதிதான். அதைத் தனியாகச் சொன்னால் பாதிதான் புரியும், அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

முதல் படம் ‘தி எக்சார்சிஸ்ட்’ (பேயோட்டுபவர் என்று பொருள்) 1973-இல் வந்தது. அதன் நாவலையும் திரைக்கதையையும் எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. 1977-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவருக்குப் பங்கில்லை. 1983-இல் அவர் ‘லீஜியன்’ என்று ஒரு நாவல் எழுதினார். முதல் கதையின் போலீஸ் அதிகாரி கின்டர்மேன்தான் அதில் நாயகன். அந்த நாவலைத்தான் 1990-இல் அவரே இயக்கிப் படமாக்கினார். இரண்டாம் பாகத்தில் நடந்த எதையும் இந்தப் படம் பொருட்படுத்துவதில்லை. முதல் படம் பார்த்தவர் நேராக மூன்றாவதுக்கு வந்துவிடலாம்.

பிளாட்டி எழுதியது ஒரு துப்பறியும் கதை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ‘ஜெமினி’ என்ற தொடர் கொலைகாரனின் முறையில் மறுபடி கொலைகள் நடக்கின்றன. கொலையுண்டவரின் எந்த விரல் வெட்டப்பட்டது, உடலில் எந்த இடத்தில் ஜெமினியின் குறி கீறப்பட்டது என்பதைப் போலீஸ் அந்தக் காலத்தில் பத்திரிகைகளுக்கு வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருந்தது. பொய் ஒப்புதல்களைக் கழித்துக்கட்ட அப்படி ஓர் ஏற்பாடு. புதிய கொலைகளில் இருப்பதோ போலீஸ் மட்டுமே அறிந்த உண்மையான அடையாளம். போலீஸைத் தவிர, செத்துப்போன ஜெமினிக்கு மட்டும் தெரிந்த விவரம் அது. இந்த இடத்தில் வரும் பயத்துக்கு ஒரு துளி ரத்தமும் செலவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் கொல்லப்படும் சிறுவனின் உடலை நாம் பார்ப்பதே இல்லை. என்ன செய்திருந்தார்கள் என்று கின்டர்மேன் வாயால் சொல்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் கதையில் பேயோட்டுதலே கிடையாது. படத்தின் பெயரில் ‘எக்சார்சிஸ்ட்’ என்ற சொல் வேண்டாம் என்பதுதான் பிளாட்டியின் விருப்பமும். தயாரித்த மார்கன் கிரீக் நிறுவனத்துக்கோ அந்தப் பெயர் வேண்டும், ஓடுகிற சரக்கு அது. அந்தப் பெயரை வைத்த பிறகு, பேயோட்டுதல் இல்லாமல் எப்படி என்ற கேள்வி வந்தது. முடிவை மாற்றி மறுபடி படம்பிடிக்கச் சொன்னார்கள். நீங்கள் குறிப்பிடும் ஃபாதர் மார்னிங், நிகோல் வில்லியம்சன் நடித்த பாத்திரம், அப்போது உருவானவர்தான். அடுத்த முறை பார்க்கும்போது ஒட்டு எங்கே என்று தேடுங்கள். மார்னிங் வரும் முதல் காட்சியில் அவர் தன் அறையில் தனியாக இருப்பார். கதையின் மற்ற பாத்திரங்கள் யாரும் அவரோடு பேச மாட்டார்கள், அவரைப் பற்றியும் பேச மாட்டார்கள். பிறகு நேராக, ஆஸ்பத்திரியின் மனநோயாளிப் பிரிவில் கொலைகாரன் அடைபட்டிருக்கும் அறைக்கு வந்து நிற்பார். அவரை வெட்டி எடுத்துவிட்டால் அதற்கு முந்தைய கதையில் ஒரு முடிச்சுகூட அவிழாது. பிளாட்டி முதலில் எடுத்த முடிவு மிகவும் சின்னது. கின்டர்மேன் அந்த அறைக்குள் போகிறார், துப்பாக்கியை எடுத்து அவனைச் சுட்டுவிடுகிறார்.

ஆனால் மறுபடப்பிடிப்பை ஒட்டுமொத்தமாகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அங்கே அடைபட்டிருப்பவனாக முதலில் நடித்தவர் பிராட் டூரிஃப் ஒருவர்தான். நிறுவனம் முதல் படத்தில் ஃபாதர் காரஸாக, அதன் முடிவில் இறந்துபோகும் பாதிரியாராக, நடித்த ஜேசன் மில்லரையும் கேட்டது. காரஸ் கின்டர்மேனின் நண்பர். கடைசியில் ஒரே பாத்திரத்தை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள். கின்டர்மேன் பார்க்கும்போது அங்கே இருப்பது செத்துப்போன நண்பனின் முகம். உள்ளே இருக்கும் கொலைகாரன் பேசத் தொடங்கினால் டூரிஃப். கட்டாயத்தால் வந்த இந்த மாற்றம்தான் படத்தின் ஆகச்சிறந்த உத்தியாகிவிட்டது. காரணம் அது கதையின் வலியோடு சேர்ந்தே வந்தது: தன் நண்பனின் உடலை இன்னொருவன் சட்டைபோல மாட்டிக்கொண்டிருக்கிறான். பேயோட்டுதல் தலைப்போடு மட்டும்தான் சேர்ந்தது.

நெடுநாள் கழித்து வரும் தொடர்ச்சிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பதினேழு ஆண்டு இடைவெளியில் பேய்க்கு வயதாகாது. மனிதர்களுக்கு ஆகும். அந்த வயதைப் படம் பயன்படுத்துகிறதா? கின்டர்மேனும், காரஸின் இன்னொரு நண்பரான பாதிரியார் ஃபாதர் டயரும் காரஸின் நினைவு நாளில் சேர்ந்து சினிமாவுக்குப் போகிறார்கள். ‘பாவம், இன்று அவனுக்கு மனசு சரியிருக்காது, தேற்றப் போகிறேன்’ என்று கின்டர்மேன் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு வருகிறார். டயரும் தன் இடத்தில் அதையேதான் சொல்லிவிட்டு வருகிறார். பிறகு பேச்சுவாக்கில் கின்டர்மேன் வீட்டுக்குப் போக முடியாததன் காரணத்தைச் சொல்கிறார். சமைப்பதற்காக மாமியார் ஒரு கெண்டை மீனை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டிருக்கிறாராம். அது மேலும் கீழும் நீந்திக்கொண்டே இருக்கிறதாம். இவர் மூன்று நாளாகக் குளிக்கவில்லை. கின்டர்மேனாக நடித்த ஜார்ஜ் சி. ஸ்காட் அதை ஒரு கொலை வழக்கின் விவரத்தைச் சொல்வதுபோல் முகம் மாறாமல் சொல்வார். டயராக நடித்த எட் ஃப்ளாண்டர்ஸ் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த மீன் கதைக்கும் பேய்க்கும் தொடர்பில்லை என்று ஓட்டிவிட்டீர்களானால், அடுத்து டயர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொல்லப்படும்போது உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உடலில் இருந்த ரத்தம் முழுவதும் ஒரு சொட்டும் சிந்தாமல் வடிக்கப்பட்டுக் கட்டிலருகே சிறு குப்பிகளில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்காட் அதைப் பார்க்கும்போது நமக்கு அந்த மீன் கதை நினைவுக்கு வரும். அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

இனி வராந்தா. உங்கள் காட்சியைப் பார்க்காமலே ஒன்றை ஊகிக்கிறேன். துணியையும் கத்தரியையும் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு முந்தைய நிமிடங்களை விட்டிருப்பீர்கள். படத்தில் அந்த உருவம் திரையில் இருப்பது ஓரிரு நொடிதான். மற்றதெல்லாம் காத்திருப்பு.

கேமரா வராந்தாவின் ஒரு கோடியில் அசையாமல் நிற்கிறது. நர்ஸ் தூரத்தில் சிறிதாகத் தெரிகிறார். விளக்குகள் எரிகின்றன, இருட்டு கிடையாது, இசையும் கிடையாது. ஒரு சத்தம் கேட்டு அவர் ஓர் அறைக்குள் போகிறார். கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் அது. அப்பாடா என்று நாம் மூச்சுவிடும்போது படுத்திருந்த நோயாளி திடீரென எழுந்து கத்துகிறார். இது பொய்யான அதிர்ச்சி. கணக்கு தீர்ந்தது என்று மனம் நம்பிவிடுகிறது. கேமரா மறுபடி பழைய இடத்துக்கே போகிறது. போலீஸ்காரர்கள் நடமாடுகிறார்கள், பிறகு விலகிப் போகிறார்கள். நர்ஸ் இன்னோர் அறையைப் பார்த்துவிட்டு வந்து, கதவை மூடித் திரும்புகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளை போர்த்திய உருவம், எலும்பு வெட்டும் கத்தரியை அவர் கழுத்துக்கு நேராக நீட்டியபடி, நடந்து வருகிறது. ஓடி வருவதில்லை, விறுவிறுவென்று நடக்கிறது. ஒரு ஜூம், ஒரு கிறீச்சிடும் ஒலி, உடனே தலையில்லாத ஒரு சிலைக்கு கட். கத்தரி கழுத்தைத் தொடுவதை நாம் பார்ப்பதில்லை.

உங்கள் விடுதியில் இதைச் செய்ய ஐம்பது அறுபது அடி நீளமுள்ள வராந்தா போதும். இரு புறமும் நான்கைந்து கதவுகளாவது ஃப்ரேமுக்குள் வர வேண்டும். எந்தக் கதவு என்று தெரியாததால்தான் பார்ப்பவரின் கண் அலைகிறது. மொபைலில் எடுப்பதானால் முக்காலியில் பூட்டி 4கே-யில் எடுங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் துணி வந்ததும் படம் தானாக மங்கலாகும். கையால் ஜூம் செய்ய வேண்டாம். எடிட்டிங்கில் 1080 அளவுக்கு இறக்கும்போது இரண்டு மடங்கு வரை தெளிவு கெடாமல் நெருங்கலாம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் அந்த ஜூமை 8 ஃப்ரேமுக்குள் முடியுங்கள். ஒரு நொடிக்கு இழுத்தால் அங்கேதான் சிரிப்பு வரும், துணிக்குள் இருப்பது உங்கள் நண்பர் என்று கண்டுகொள்ள அந்த அவகாசம் போதும்.

அசையாத ஷாட் குறைந்தது 60 நொடி ஓடட்டும். அதற்குள் நாயகியின் முகத்தை அருகில் காட்டிவிடாதீர்கள். நெருக்கக் காட்சி ஒன்று வந்தாலே ‘இதோ வரப்போகிறது’ என்று தகவல் சொன்னதாகிவிடும். மெல்ல ஏறும் பின்னணி இசையும் அதே காட்டிக்கொடுக்கும் வேலையைத்தான் செய்யும். இசைக்குப் பதில் அந்த வராந்தாவின் வெறும் சத்தத்தை, மின்விசிறி, டியூப்லைட் ரீங்காரம் உட்பட, ஆளில்லாத நேரத்தில் இரண்டு நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். அது எடிட்டிங் செயலியின் ஒலிமானியில் மைனஸ் 45 டெசிபல் அளவில் ஓடட்டும். அதிர்ச்சி ஒலியை மைனஸ் 6-க்கு மேல் ஏற்ற வேண்டாம். சத்தம் பெரிதாகத் தோன்றுவது முன்னால் இருந்த அமைதியால்தான். அதற்குமேல் ஏற்றினால் மொபைல் ஸ்பீக்கரில் கரகரவென்று உடைந்துவிடும்.

உருவம் வெளியே வந்ததிலிருந்து கட் வரை இரண்டு நொடி கணக்கு வையுங்கள். அதற்குப் பிறகு எதற்கு கட் செய்வது என்பது உங்கள் கதையில்தான் இருக்க வேண்டும். பிளாட்டியின் சிலை சும்மா வரவில்லை. முதலில் கொல்லப்பட்ட சிறுவனின் தலை இருந்த இடத்தில் ஒரு சிலையின் தலையைத்தான் வைத்திருந்தார்கள் என்று நாம் முன்பே கேட்டிருக்கிறோம்.

பிளாட்டி முதலில் எடுத்த வடிவத்தைப் பார்க்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்த நெகட்டிவ் கிடைக்கவில்லை. 2016-இல் ஸ்க்ரீம் ஃபேக்டரி நிறுவனம், அன்றன்று எடுத்த காட்சிகளின் விஎச்எஸ் வீடியோ கேசட் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, அதை ஓரளவு மீட்டு புளூரேயில் வெளியிட்டது. தெளிவான காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே மங்கலான வீடியோ குறுக்கிடும், நிறம் மாறும். உங்கள் டிஸ்க் கெட்டுப்போனதாக நினைத்துவிடாதீர்கள். அதில் அடைபட்டிருப்பவனாக வருவது டூரிஃப் மட்டும், ஃபாதர் மார்னிங் கிடையாது. திரையரங்கு வடிவத்தை இன்னொரு முறை ஹெட்ஃபோனில் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.

அன்புடன்.