வெளியூர் ஆட்டக்காரன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஏற்காடு நாகலூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகனுக்கு 17 வயது. சேலத்தில் தங்கி ப்ளஸ் டூ படிக்கிறான், காந்தி ஸ்டேடியத்தில் ஃபுட்பால் ஆடுகிறான். போர்ச்சுகல் கிளப் ஒன்றில் ட்ரயல் வாங்கித் தருவதாகவும், தேறினால் உடனே ஒப்பந்தம் என்றும் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். 8 லட்சம் கேட்கிறார். காப்பியும் மிளகும் போட்ட அரை ஏக்கரை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு. இந்திய அணிக்கு ஆடிய சுனில் சேத்ரியே வெளிநாட்டில் நிலைக்கவில்லையே என்று மாமா பயப்படுகிறார். படிப்பு கெட்டுவிடும் என்று அக்கா அழுகிறாள். எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. இங்கே டோர்னமென்ட் ஆட வருகிற ஆப்பிரிக்காக்காரர்களே ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி இருக்கிறார்கள். நம் பையன் போவது ஐரோப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புள்ள தம்பி,

விற்காதீர்கள். 18 வயது நிறையாத பையனை வெளிநாட்டுக் கிளப் பதிவு செய்ய, உலக ஃபுட்பாலை நடத்துகிற ஃபிஃபாவின் விதி இடம் கொடுப்பதில்லை. விலக்குகள் சில உண்டு, பெற்றோர் வேறு வேலையாக அந்த நாட்டுக்குக் குடிபோயிருந்தால் என்பது போல. உங்கள் வீட்டுக்கு அதெல்லாம் பொருந்தாது. 17 வயதில் உடனே ஒப்பந்தம் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஏஜென்ட் வேலை செய்ய ஃபிஃபா உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் ஃபிஃபா தளத்தில் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் வந்தால் அதில் கமிஷன் எடுப்பவர்தான் ஏஜென்ட். முன்கூட்டியே குடும்பத்து நிலத்தில் கை வைப்பவருக்கு வேறு பெயர்.

சேத்ரி விஷயம் சின்னது. 2009-ல் லண்டன் கியூபிஆர் கிளப் அவரை எடுக்க இருந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்று வேலை அனுமதி கிடைக்கவில்லை. பிறகு 2010-ல் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி, 2012-ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணி. பெரும்பாலும் பெஞ்ச்தான். ஊருக்குத் திரும்பி வந்தார், நாட்டுக்காக 90 கோலுக்கு மேல் அவர் கணக்கில் இருக்கிறது. இதில் பயப்பட என்ன இருக்கிறது? உங்கள் அக்காவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். பையன் பரீட்சையை எழுதட்டும்.

ஆனால் தம்பி, "ராஜா மாதிரி" என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று வந்தது. நீங்கள் அப்படி ஒருவர் தங்கியிருந்த அறையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு மாடியறை அது.

அவர் கானா நாட்டுக்காரர். கோஃபி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை பிறக்கும் ஆண்பிள்ளைகளுக்கு வழக்கமாக வைக்கிற பெயர். மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆட வந்தவர். ஏழு பேர் ஆடும் அந்த ஆட்டம் அதிகாரபூர்வக் கூட்டமைப்பின் கீழ் வராது. அதனால் மாதச் சம்பளமும் கிடையாது, காயம் பட்டால் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. இறங்கினால் காசு, உட்கார்ந்தால் இல்லை. சீசன் முடியும் சமயத்தில் சேலத்தில் ஒரு டோர்னமென்ட்டுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் முழங்கால் திருகிக்கொண்டது. அழைத்து வந்தவர் அன்று ராத்திரியே ஃபோனை அணைத்துவிட்டார். கமிட்டியில் இருந்த என் அண்ணன்தான் பையும் பூட்ஸுமாக அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

முதல் வாரம் அம்மா அவருக்கென்று தனி டம்ளர் எடுத்து வைத்தாள். அவருக்குப் புரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அதைத் தானே கழுவி ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைப்பார். தெருப் பையன்கள் செல்ஃபி எடுக்க வருவார்கள், எடுத்ததும் போய்விடுவார்கள். கால் எப்படி இருக்கிறது என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

ராத்திரி பத்தரைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அவர் அம்மாவுக்கு ஃபோன் பேசுவார். அங்கே அப்போது சாயங்காலம் ஐந்து, சந்தையில் கடை கட்டுகிற நேரமாம். முழங்காலைப் பற்றி அந்த அம்மாவிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை. நேற்றுகூட ஆடினேன் என்பார். அவரை அனுப்ப அவர்கள் விற்றது கோகோ போட்ட நிலத்தில் ஒரு துண்டு. ஏஜென்ட் சொன்னது துருக்கி, வந்து இறங்கியது கோழிக்கோடு. உங்கள் கடிதத்தில் அரை ஏக்கர் என்று படித்தவுடன் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

ஒருநாள் அண்ணன் அவரை ஆத்தூர் ரோட்டில் ஒரு வைத்தியரிடம் காட்டப் போனபோது, சேகோ ஃபேக்டரிக்குப் போகிற குச்சிக்கிழங்கு லாரி ஒன்று எதிரே வந்திருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாராம். அவர்கள் ஊர்ச் சாப்பாடே அதுதான். மறுநாள் தின்னும் கிழங்கு வாங்கி வந்து, வாழைக்காயோடு வேகவைத்து, எங்கள் உரலில் போட்டு உலக்கையால் இடிக்க ஆரம்பித்தார். காலை ஊன்ற முடியவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்தபடி இடித்தார். ஒருவர் இடிக்க, இன்னொருவர் ஈரக்கையால் மாவைப் புரட்டிக் கொடுக்க வேண்டும். உலக்கை எழும்பும் நேரத்தில் கை உள்ளே போய் வெளியே வந்துவிட வேண்டும். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சேலையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். பந்து மாதிரி திரண்ட அந்த மாவைக் கோழிக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். எங்கள் எல்லோரையும் விழுங்க வைத்தார். தனி டம்ளர் அன்றோடு போயிற்று.

விசா முடிவதற்குள் டிக்கெட் போட்டு அனுப்பினோம். இப்போது ஊரில் டாக்ஸி ஓட்டுகிறார். முழங்கால் சரியாகவில்லை.

இவர் ஒருவர் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2024 மார்ச்சில் மலப்புறம் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ஒருவரைக் கூட்டம் மைதானத்தில் துரத்தித் துரத்தி அடித்தது. நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் போலீசில் புகார் கொடுத்தார். இதுவா ராஜ வாழ்க்கை? பெரிய கிளப்புக்கு ஆடினாலும் வெளியூர் வெளியூர்தான். பிரேசிலில் இருந்து வந்த கிறிஸ்தியானோ ஜூனியர் 2004 டிசம்பரில், இதோ பக்கத்தில் பெங்களூரில், ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோவாவின் டெம்போ கிளப் அணிக்கு இரண்டு கோல் போட்டார். இரண்டாவது கோலின்போது கோல்கீப்பரோடு மோதி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஐரோப்பா என்றால் இதெல்லாம் இருக்காது என்கிறீர்களா? பணம் கட்டி வந்து ஏமாந்து, பாரிஸ் தெருக்களில் விடப்பட்ட ஆப்பிரிக்கப் பையன்களுக்காகவே ஜான் குளோத் எம்வூமின் என்ற முன்னாள் கேமரூன் வீரர் 2000-ல் ஓர் அமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் பையன்களின் வீட்டிலும் நிலமும் நகையும் விற்றுத்தான் அனுப்பினார்கள். அங்கே போனால் உங்கள் அக்கா மகன்தான் கோஃபி. ட்ரயல் முடிந்து ஏஜென்ட் ஃபோனை அணைத்தால், அவனுக்கு மாடியறை கொடுக்க யார் இருக்கிறார்கள்?

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு குர்பிரீத் சிங் நார்வேயில் ஸ்தாபெக் கிளப்புக்குக் கோல்கீப்பராக நின்றார். மணிப்பூர்ப் பெண் பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போனார். இவர்களைக் கிளப்புகள் ஆட்டம் பார்த்து எடுத்துக்கொண்டன. உங்கள் பையன் முதலில் சென்னை லீக் கிளப் ஒன்றில் இடம் பிடிக்கட்டும். அந்த ட்ரயலுக்கு சேலம் ஜங்ஷனில் ஒரு டிக்கெட் எடுத்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் நிலத்தின் அளவு இருக்கிறது, ஏஜென்ட் கேட்ட தொகை இருக்கிறது, மாமா பயந்தது, அக்கா அழுதது எல்லாம் இருக்கிறது. பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரி இல்லை. பேக் ஆடுகிறானா, ஃபார்வர்டா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தை அவனே எழுதட்டும். ஏஜென்ட் கொடுத்த காகிதம் எதுவாக இருந்தாலும் படம் எடுத்து அதோடு அனுப்புங்கள், அண்ணன் பார்த்துச் சொல்வார். அதுவரை பாஸ்போர்ட் உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும், யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா