தாளிக்கும் முன்பே எடுத்து வையுங்கள்: விடுமுறைப் பலகாரமும் வளர்ப்புப் பிராணிகளும்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அரையாண்டு விடுமுறைக்கு அக்காள் பிள்ளைகளும் வந்துவிட்டதால் வீடு நிறையப் பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, வட்டயப்பம், கேக் எல்லாம் வீட்டிலேயே செய்வோம். பத்து கிலோ எடையுள்ள நாட்டு நாயும் ஒரு பூனையும் வளர்க்கிறோம். அவற்றுக்கும் தங்கள் கையால் பிஸ்கட் செய்ய வேண்டும், குடிலுக்கு உப்பு மாவில் பொம்மைகள் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எதை அனுமதிக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?"

பிஸ்கட் தாராளமாகச் செய்யலாம். உப்பு மாவுப் பொம்மை வேண்டாம் என்பதே கால்நடை மருத்துவராக என் ஆலோசனை. பண்டிகைச் சமையலில் நாய்க்கும் பூனைக்கும் கேடு செய்பவை பெரும்பாலும் நாம் பிற்பாடு சேர்க்கும் வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, திராட்சை, கோகோ போன்றவைதான். ஆகவே அவற்றுக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. தாளிப்பதற்கும் பாகு சேர்ப்பதற்கும் முன்பே அவற்றின் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டால் போதும்.

முந்திரிக்கொத்துக்கு வறுத்து அரைக்கும் பாசிப்பயறு மாவே இதற்கு நல்ல தொடக்கம். பாகு ஊற்றுமுன் அந்த மாவில் 50 கிராம் எடுத்து, அரிசி மாவு 50 கிராம், வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி இரண்டு மேசைக்கரண்டி, ஒரு முட்டை ஆகியவற்றைச் சேர்த்துக் கெட்டியாகப் பிசையுங்கள். சர்க்கரை, உப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் இதைத் தட்டி, பாட்டில் மூடியால் வட்டமாக வெட்டினால் ஏறத்தாழ நாற்பது துண்டுகள் கிடைக்கும். ஓவனில் 160 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கலாம். ஓவன் இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லில் மூடிபோட்டு, சிறு தீயில் இருபுறமும் உலர்ந்து மொறுமொறுப்பாகும்வரை வாட்டலாம். நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் எண்ணெயில்லாப் பண்டம் விரைவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஆறியபின் மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து ஐந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஒரு துண்டில் பத்துப் பதினோரு கலோரி இருக்கும். பத்து கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது என்பது எங்கள் துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. ஆக, ஒரு நாளைக்கு ஐந்து துண்டுகள் போதும். வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே ஐந்து துண்டு கொடுத்தால் கணக்கு என்னவாகும் என்று பாருங்கள். அன்றைய ஐந்து துண்டுகளைக் காலையிலேயே ஒரு கிண்ணத்தில் போட்டு, அதிலிருந்து மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

பூனைக்கு இந்த பிஸ்கட்டில் நாட்டம் இருக்காது. பூனைகளின் நாக்கு இனிப்பை உணர்வதில்லை. அவற்றின் உடலுக்கு வேண்டியது மீனும் இறைச்சியும்தான். மீன் குழம்புக்கு வாங்கிய சாளையிலோ அயிலையிலோ ஒரு துண்டை உப்பும் மஞ்சளும் சேர்க்காமல் ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்து நீக்கி, ஒரு மேசைக்கரண்டி அளவு கொடுத்தால் அதற்கு அதுவே விருந்து. பச்சை மீனைத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். சாளை போன்ற சில மீன்களில் தயமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அதையும் தவிருங்கள். நன்றாக வேகவைத்துத் தண்ணீர் வடித்த மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) நாய்க்குச் சிறிதளவு கொடுக்கலாம். பச்சைத் தோலையும் இலையையும் அது மெல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அவற்றில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

கேக்கில்தான் மிகுந்த கவனம் தேவை. உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பலாம், இன்னொன்று சில பழங்களிலேயே படுத்துவிடலாம். எனவே பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல இயலாது. இதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலம் என்ற கருத்தை 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் முன்வைத்தார்கள். வீட்டில் செய்த விளையாட்டு மாவை, அதாவது அந்த அமிலத்தின் உப்பான கிரீம் ஆஃப் டார்ட்டர் சேர்த்துப் பிசைந்த மாவைத் தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததே அவர்களுக்குக் கிடைத்த தடயம். நம் புளியிலும் அந்த அமிலம் மிகுதி. புளி தின்ற நாய்களுக்கும் இத்தகைய பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஆகவே குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய மீனாக இருந்தாலும் நாய்க்கு வேண்டாம்.

கோகோ தூளில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். உங்கள் நாய்க்கு இரண்டு தேக்கரண்டித் தூளே வாந்தியையும் படபடப்பையும் தரக்கூடும். திராட்சையை ரம்மிலோ ஒயினிலோ ஊறவைத்த பாத்திரம், ஈஸ்ட்டோ கள்ளோ சேர்த்துப் பொங்கும் வட்டயப்ப மாவு இரண்டும் எட்டாத அலமாரியில் இருக்கட்டும். அந்த மாவை நாய் விழுங்கினால் அது வயிற்றுச் சூட்டில் மேலும் பொங்குவதோடு சாராயத்தையும் உண்டாக்கும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை அழிப்பவை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப்போகும். பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சமைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால், கோழிக்கறி எலும்புகளை உடனுக்குடன் அப்புறப்படுத்துங்கள்.

உப்பு மாவுக்கு வருகிறேன். இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் உப்பு என்பது வழக்கமான அளவு. உப்பு, மைதாவைவிடக் கனமானது. தண்ணீர் காய்ந்தபின் பொம்மையின் எடையில் ஏறத்தாழ பாதி உப்பாகவே நிற்கும். உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று கிராம் உப்பு உள்ளே போனாலே நாய்க்கு நஞ்சின் அறிகுறிகள் தொடங்கும். உங்கள் நாய்க்கு அது 20 கிராம். எலுமிச்சை அளவுள்ள ஒரு பொம்மையில் அவ்வளவும் இருக்கிறது. உப்புச் சுவைக்காகவே நாய் அதைத் தேடிப்போய்த் தின்னும். குடில் பொம்மைகளைக் களிமண்ணில் செய்யட்டும். நட்சத்திரத்தைப் பனையோலையில் முடையலாம். ஓலை வேலை தெரிந்தவர்கள் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள், பிள்ளைகள் அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் அதைவிட நல்ல விடுமுறை வேலை வேறில்லை என்பேன். மூங்கில் குச்சியில் தாள் ஒட்டி நட்சத்திரம் கட்டுவதானால், மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்க வேண்டாம். அது நக்கும் பிராணிக்கு நஞ்சு. சென்ற ஆண்டு அலங்காரப் பொருட்களை வைத்த பெட்டியைத் திறக்கும்போது, அதில் போட்ட அந்துருண்டைகள் ஒன்றுகூடத் தரையில் உருளாமல் பொறுக்கிவிடுங்கள். மினுமினுக்கும் ஜிகினாச் சரத்தைப் பூனை விழுங்கினால் அது குடலை இழுத்துச் சுருக்கி, அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகும். பூனை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மூன்று புரியாகப் பின்னி, இரு முனையிலும் இறுக முடிச்சிட்டால் நாய்க்குக் கடித்து இழுக்க நல்ல பொம்மையாகும். நூல் பிரியத் தொடங்கியதும் எறிந்துவிடுங்கள்.

ஏதாவது தின்றுவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதைச் செய்யாதீர்கள்; ஒரு நஞ்சின்மேல் இன்னொன்றை ஏற்றுவதாகவே அது முடியும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மீந்த பண்டத்தையோ உறையையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். திராட்சையானால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் வாந்தி எடுக்கவைப்பதே பெரும்பாலும் சிறுநீரகத்தைக் காக்கிறது. டிசம்பர் 25 அன்று பல கால்நடை மருந்தகங்கள் மூடியிருக்கும். அன்று யார் பார்ப்பார்கள் என்பதை 23ஆம் தேதிக்குள் விசாரித்து, அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.