மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கல்லூரிப் படிப்புக்கு எப்படித் தயார் செய்யலாம்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) எழுதி அண்மையில் வேலைக்கு வந்தவர் என்று தோன்றுகிறது. சர்வீஸ் ஏற ஏற இந்தக் கேள்வி வராது. அப்புறம் மீட்டிங்கில் கேட்கிற ஒரே கேள்விதான் காதில் ஓடிக்கொண்டிருக்கும்: “உங்க சப்ஜெக்ட் எத்தனை பர்சென்ட்?” நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். கணக்கை வைத்துத்தான் எனக்குப் பேசத் தெரியும். மற்ற பாடக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

என் பதில் இதுதான்: எது முக்கியம் என்று நாம் குறித்துக் கொடுப்பதை பிளஸ் ஒன்னிலாவது குறைக்க வேண்டும்.

எங்கள் பையன் ஒருவன் பிளஸ் டூ கணிதத்தில் 96 வாங்கினான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரிக்குப் போனான். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது, நல்ல விஷயம். அரியரை அவன்தானே எழுத வேண்டும்? முதல் செமஸ்டரிலேயே கணக்கு போய்விட்டது. ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும்போது பள்ளிக்கு வந்தான். சட்டைப் பையில் நான்காக மடித்த கேள்வித்தாள். பிரித்துப் பார்த்தேன். முதல் யூனிட் அணிகள், அடுத்தது எல்லை, தொடர்ச்சி, வகையிடல். எல்லாவற்றுக்கும் அடிப்படை பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது.

“நம்ம புக்குல இருக்கிறதுதானேடா இது?”

“இருக்கு சார். ஆனா அங்க எது முக்கியம்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. வேகமா நடத்திட்டுப் போயிடறாங்க. போர்டுல இருக்கறதை எழுதறதா, அவங்க சொல்றதைக் கேக்கறதான்னே தெரியல.”

அவன் மக்குப் பையன் இல்லை. யாரும் விளக்காத ஒரு பக்கத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் வேலை அவனுக்கு அதுவரை வந்ததே இல்லை, அவ்வளவுதான். பள்ளியில் ஒன் வேர்டுக்குத் தனி நோட்டு, ஐந்து மார்க்குக்குத் தனி லிஸ்ட், பார்டரில் நிற்பவர்களுக்குத் தனிக் கையேடு. அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. வயலுக்கும் பள்ளிக்கும் நடுவில் அல்லாடுகிற பிள்ளையைப் பாஸ் செய்ய வைப்பது அந்தக் கையேடுதான். அதைக் கேலி செய்பவர்கள் ஒரு வருஷம் வந்து பார்டர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் 90க்கு மேல் வாங்கப்போகிற பிள்ளைக்கும் அதே கையேட்டை எதற்குக் கொடுக்கிறோம்?

நான் செய்வது பெரிய விஷயமெல்லாம் இல்லை. பிளஸ் ஒன்னில் வாரத்துக்கு ஒரு பீரியட், இன்னும் நடத்தாத பாடத்தில் ஒன்றரைப் பக்கத்தைக் காட்டி “படிங்க” என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். படித்து முடித்ததும் புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கு கொடுப்பேன். ஆரம்பத்தில் பிள்ளைகள் கடைசிப் பக்கத்து விடைகளைப் புரட்டுவார்கள். “சார், இது பப்ளிக்குக்கு வருமா?” என்பார்கள். தெரியாது என்பேன்.

ஒருமுறை இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை பகுதியைப் படிக்கச் சொல்லிவிட்டு, x = 2 என்ற இடத்தில் உடைகிற ஒரு சார்பைக் கொடுத்தேன். மூன்றாவது பெஞ்சுப் பெண் வரையறையைத் தாண்டிப் போய்விட்டு, நோட்டில் கோடு போட்டு அட்டவணை போட ஆரம்பித்தாள். 1.9, 1.99, 1.999 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். எல்லாவற்றுக்கும் -1 வந்தது. அந்தப் பக்கம் 2.1, 2.01 போட்டால் 1 வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அப்புறம் திரும்பி, “சார், ரெண்டு பக்கமும் வேற வேற எடத்துக்குப் போகுது. அப்ப ரெண்டுல எல்லையே கிடையாதா?” என்று கேட்டாள். நான் போர்டில் அரை மணி நேரம் கத்தினாலும் வராத கேள்வி அது.

குறிப்பெடுக்கப் பழக்குவதும் அப்படித்தான். டிக்டேட் செய்யாமல் பத்து நிமிடம் பேசுவேன். அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பக்கத்திலிருப்பவன் நோட்டை வாங்கிப் படித்து அதிலிருந்து கணக்குப் போட வேண்டும். முதலில் ஒருவன் எழுதியது இன்னொருவனுக்குப் புரியாது. பொங்கலுக்குள் ஓரளவு சரியாகிவிடும்.

“சிலபஸை யார் முடிப்பது?” என்று கேட்பீர்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் கேட்டார்கள். பிளஸ் டூவில் நான் இதைச் செய்வதில்லை, அங்கே நேரமில்லை. பிளஸ் ஒன்னில் இடம் இருக்கிறது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததற்குக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமல் பிளஸ் டூவையே இரண்டு வருஷம் ஓட்டியதுதான். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை என்று ஆகிவிட்டது. இனி யார் யார் பழைய வழிக்குத் திரும்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பொறியியல் கட்-ஆஃப் 200இல் பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. பிளஸ் ஒன் மார்க்குக்குப் பூஜ்யம். பெற்றோர் அதைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். வகையிடலை ஒழுங்காகப் படிக்காத பிள்ளைக்கு பிளஸ் டூவில் வகைநுண்கணிதத்தின் பயன்பாடுகளை எப்படி நடத்துவார்களோ!

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒரு பெண்ணுக்கு நல்ல அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கடைசி லீவில் கொஞ்ச நாள் ஒரு கோச்சிங் சென்டரின் இலவச வகுப்புக்குப் போயிருந்தாள். ரிசல்ட் வந்த அன்றே பஸ் ஸ்டாண்டில் அவள் படத்தோடு ஆளுயர ஃப்ளெக்ஸ், ‘எங்கள் மாணவி’ என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளுக்குப் பிராக்டிகல் நடத்திய எங்கள் பிசிக்ஸ் டீச்சர் தினமும் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றுதான் பஸ் ஏறுகிறார். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். வயிறு எரிகிறது, எழுதிவிட்டேன்.

கடைசியாக, பாடத்துக்கு வெளியே ஒரு வேலை. பேர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரில் ஒரு மாதிரியும் பள்ளி ரெக்கார்டில் ஒரு மாதிரியும் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரவேண்டிய 1,000 ரூபாய் இந்த மாதிரிக் குளறுபடியில் சிக்கிக்கொள்ளும். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் ஜூனில் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது. கிளாஸ் டீச்சர் நீங்களாக இருந்தால் பிளஸ் ஒன்னிலேயே ரெஜிஸ்டரையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.